போக்கில்லாத தாள்

குரு என்றால் தாடியும் கமண்டலமும் இருக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை இங்கேயே விட்டுவிடலாம். இந்தக் கதையில் குரு ஒரு பெண். பெயர் ரெங்கநாயகி. வயது நாற்பத்திரண்டு. முன்பு பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சராக இருந்தவர். இப்போது சிவகாசிக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் கையால் தாள் செய்கிறார். பழைய நோட்டு, பனியன் கம்பெனி வெட்டுத்துணி, வாழைநார் என்று எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கூழாக்கித் தாளாக எடுத்துவிடுவார்.

சீடருக்கு வயது அறுபது. பெயர் தங்கப்பழம். முப்பது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அச்சடிக்கிறவர். தங்க முலாம் போட்டது, வெல்வெட் ஒட்டியது, யானைச் சாணத்தில் செய்தது, துளசி விதை பதித்தது என்று தாள் போடுகிற அத்தனை வேஷத்தையும் பார்த்தவர். எல்லாம் பார்த்துச் சலித்த பிறகு, தாளையே கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஐந்து வருஷத்துக்கு முன் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். அதில் இரண்டு பேருக்கும் எந்தக் கூச்சமும் இல்லை.

தங்கப்பழத்தின் ஒரே மகள் ஆவுடைச்செல்வி. இருபத்துநாலு வயது. ஐந்து நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். ஏழாம் நாள் காலையில் தங்கப்பழம் கொட்டகைக்கு வந்தார்.

"அந்தத் தாளை எடுக்கணும் டீச்சர்."

எந்தத் தாள் என்று டீச்சர் கேட்கவில்லை. போன கோடையில் இரண்டு பேருமாகச் சேர்ந்து எடுத்த முந்நூறு தாள். மகளுடைய கல்யாணப் பத்திரிகைக்காக எடுத்தது. வெட்டுத்துணியை அரைத்த வெள்ளைக் கூழ். ஈரத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்திய ரெட்டைத் தாள். ஓரத்தை வெட்டாமல் பிசிறோடு விட்டிருந்தார்கள். அப்போது மாப்பிள்ளைகூடப் பார்க்க ஆரம்பிக்கவில்லை. "தாள் தயாரா இருந்தா மாப்பிள்ளை தன்னால வந்துருவான்" என்று தங்கப்பழம் சொல்ல, ஆவுடைச்செல்வி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"பதினாறாம் நாள் பத்திரிகை அடிக்க."

டீச்சர் கூழ்த் தொட்டியிலிருந்து கையை எடுத்தார். துடைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணப் பத்திரிகை என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைப்போம். சாவுப் பத்திரிகை வாசப்படி தாண்டக் கூடாது. வாங்கினவர் வாசலில் நின்றபடியே படிப்பார். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார். அதனால் அச்சகங்களில் இருப்பதிலேயே மட்டமான தாளைத்தான் அதற்கு எடுப்பார்கள். தங்கப்பழமே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார்: "கிழியப் போறதுக்கு எதுக்கு நல்ல தாள்?" வந்தவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படி வந்தவர்கள் எல்லோரும் வீட்டில் ஒரு ஆளைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. நம் வீட்டில் நடக்கும்வரை யாருக்குத்தான் உறைக்கிறது.

டீச்சர் உள்ளே போய் வேறொரு தாளைக் கொண்டுவந்தார். சாம்பல் நிறம். பழைய பரீட்சைப் பேப்பரைக் கரைத்து எடுத்தது. அங்கங்கே நீலமும் சிவப்புமாக மைப்புள்ளிகள் இருந்தன.

"இதைக் கிழிங்க அண்ணாச்சி."

கிழித்தார். சத்தமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்தது.

"இதுல அடிங்க."

"இதுலயா? என் மகளுக்கா?"

"நாலஞ்சு தடவை கரைஞ்சு கரைஞ்சு வந்த தாள் இது. ஒவ்வொரு தடவையும் நாரு குட்டையாப் போயிரும். பச்சப்புள்ள இழுத்தாக்கூடக் கிழிஞ்சு குடுத்துரும்."

"அதனாலதான் வேண்டாங்கேன்."

"பின்ன என்னதான் வேணும்?"

"அவ பேரை ஒருத்தரும் கிழிக்கக் கூடாது டீச்சர். அவ்வளவுதான். வேற எதுவும் நான் கேக்கல. அவளத்தான் காப்பாத்த முடியல. பேரையாவது காப்பாத்துறேன்."

டீச்சர் அவர் கையிலிருந்த கிழிந்த துண்டுகளை வாங்கித் தொட்டியில் போட்டார். பிறகு சொன்னார்.

"மெஷின் தாளுக்கு ஒரு போக்கு உண்டு. அந்தப் போக்குல இழுத்தா நேராக் கிழிஞ்சு வரும். கையால எடுத்த தாளுக்குப் போக்கே கிடையாது. நாரு எல்லாப் பக்கமும் பின்னிக் கெடக்கும். அதுலயும் இது ரெட்டைத் தாளு."

"தெரியும். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

"கல்யாணத்துக்குன்னு சொல்லிக் குடுத்தேன்."

"தாள் ஒண்ணுதானே டீச்சர்."

"சரி" என்று சொல்லிவிட்டு டீச்சர் அலமாரியைத் திறந்தார்.

தங்கப்பழம் இரண்டு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கறுப்புக் கட்டம் போடவில்லை. கண்ணீர்த்துளி, அணையும் விளக்கு, பூமாலை எதுவும் போடவில்லை. நடுவில் ஆவுடைச்செல்வி என்ற பெயர் மட்டும் பெரிதாக. கீழே சின்ன எழுத்தில் தேதியும் இடமும். அச்சடிக்கும்போது பெயரை மட்டும் ஆழமாக அழுத்தச் சொன்னார். தடவினால் ஒவ்வொரு எழுத்தும் விரலில் தட்டியது. முப்பது வருஷத்தில் அவர் செய்த பத்திரிகைகளிலேயே அழகானது அதுதான். பார்த்த அச்சகக்காரர்கள் வாய்விட்டுப் பாராட்டப் போய், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

பத்திரிகையை அவரே வீடு வீடாகக் கொண்டுபோனார். பெற்றவன் கொண்டுபோகக் கூடாது என்று சொந்தக்காரர்கள் தடுத்துப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

முதலில் சித்தப்பா மகன் பால்ச்சாமி வீடு. பால்ச்சாமி வாசலில் நின்று படித்தார். அழுதார். ஊருக்காக அழுத அழுகை இல்லை, அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கப்படி இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கிழியவில்லை. திருப்பிப் பிடித்து இழுத்தார். மடித்து முறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"என்னண்ணே இது, துணியா?"

தங்கப்பழம் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பால்ச்சாமிக்கு வேர்த்துவிட்டது. பாவம், அவர்தான் என்ன செய்வார்? எதிரே நிற்பது பெற்ற தகப்பன். கிழிக்கவும் முடியவில்லை, உள்ளே கொண்டுபோகவும் முடியாது. அதற்குள் உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது.

"மாமா, அதை உள்ள கொண்டாந்துராதீங்க. பிள்ளை தூங்குது."

பால்ச்சாமி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்தார். பிறகு குனிந்து, பதமாக, சாக்கடை ஓரத்துத் திட்டில் பத்திரிகையை வைத்தார். தங்கப்பழம் அதைப் பார்த்தார். கிழியவில்லை என்பது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. அந்தப் பத்து நாளில் முதல்முறையாக அவர் மனசு கொஞ்சம் ஆறியது. அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மூன்று நாளில் அத்தனையும் கொடுத்து முடித்தார்.

நாலாம் நாள் காலையில் பால் வாங்கப் போனவர், பால்ச்சாமி வீட்டுத் தெருவில் நின்றுவிட்டார். பத்திரிகை திட்டிலிருந்து நடுத்தெருவுக்கு வந்திருந்தது. பெயர் மேலே பார்த்துக் கிடந்தது. பெயரின்மேல் ஒரு சைக்கிள் டயர் தடம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆடு வந்தது. சுவரொட்டியைப் பசையோடு தின்கிற ஆடு. அது பத்திரிகையைக் கவ்வி, இரண்டு தடவை மென்று பார்த்துவிட்டுத் துப்பிவிட்டுப் போனது.

தங்கப்பழம் அதை எடுத்து வேட்டியில் துடைத்தார். அடுத்த தெருவுக்குப் போனார். அங்கே குப்பைத்தொட்டிக்கு வெளியே மூன்று கிடந்தன. பள்ளிக்கூடச் சுவரோரம் ஒன்று, வெற்றிலை எச்சிலோடு. மழை பார்த்துப் பல மாசமான ஊர். கரைத்துக்கொண்டு போக ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கிழிக்க முடியாமல் போட்டவர்கள் போட்ட இடத்திலெல்லாம் அவள் முழுசாகக் கிடந்தாள்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பெஞ்சு ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் எதையோ மடித்து வைத்திருந்தார்கள். பிசிறு ஓரத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு அதை உருவினார்.

"அது கெடக்கட்டும் அண்ணாச்சி, நல்ல கெட்டி அட்டை" என்றான் டீக்கடைக்காரன். மடித்ததைப் பிரித்துப் பார்த்தவன் இல்லை அவன். அவனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

பதினாறாம் நாள் காரியம் நடந்தது. தங்கப்பழம் சொன்ன இடத்தில் உட்கார்ந்தார், சொன்னதைச் செய்தார். காரியம் முடிந்து ஆட்கள் இலையில் உட்காரும்போது அவரைக் காணோம். மறுபடி தெருத் தெருவாகக் கிளம்பிவிட்டார். கையில் ஒரு சாக்கு. இரண்டு நாள் அப்படித் திரிந்தார். தகப்பனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் சாக்கோடு கொட்டகைக்கு வந்தார்.

"கூட்டிட்டு வந்துட்டேன் டீச்சர்."

"எல்லாமா?"

"பாதிகூடத் தேறல. மிச்சம் எங்கெங்க கெடக்கோ, யாரு காலடியில கெடக்கோ."

டீச்சர் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினார். தங்கப்பழம் சாக்கைக் கவிழ்த்தார். தாள்கள் முங்கவில்லை. மண்ணும் எச்சிலும் டயர் தடமுமாக மிதந்தன. டீச்சர் ஒரு கம்பை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே அழுத்தினார். அழுத்தினது மறுபடி மேலே வந்தது. மறுபடி அழுத்தினார்.

"நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் அண்ணாச்சி."

"சொன்னீங்க. அடிச்சுச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

தங்கப்பழம் யோசித்தார்.

"மாட்டேன்."

டீச்சர் கம்பை வைத்துவிட்டுக் கையாலேயே அழுத்த ஆரம்பித்தார். தங்கப்பழம் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் டீச்சர். ரெண்டாக் கிழிச்சுப் போட்டிருந்தா அது என்ன பேருன்னே தெரிஞ்சிருக்காது. வெறும் குப்பையாப் போயிருக்கும். நான் அவளை முழுசா நடுத்தெருவுல போட்டுட்டேன். ஆடு மெல்லுது டீச்சர் என் பிள்ளையை. நான் நின்னு பாக்கேன்."

டீச்சர் மேலே வந்த இன்னொரு தாளை உள்ளே அழுத்தினார்.

"எதுக்கு இந்தத் தொழிலு? எதுக்குத் தாளு, எதுக்கு அச்சு? பேரு எழுதி என்ன கண்டோம்? நல்ல தாள்ல போட்டா மட்டும் ஆளு திரும்பி வருதா?"

"வரல."

"பின்ன?"

தண்ணீர் மெல்லக் கலங்கிக்கொண்டு வந்தது.

வெகுநேரம் கழித்துத் தங்கப்பழம் தலையைத் தூக்கினார். ஏதோ நினைவுக்கு வந்தது போல இருந்தது.

"உங்களுக்கும் ஒண்ணு குடுத்தேனே டீச்சர். அதை எங்க போட்டீங்க?"

"எங்கயும் போடல."

"வீட்டுலயா வச்சிருக்கீங்க?"

"இல்ல. கிழிச்சேன்."

"அது கிழியாது."

"உடனே கிழியல. ரெண்டு நாள் ஊறப் போட்டேன். அப்புறம் உக்காந்து கொஞ்சம் கொஞ்சமாப் பிச்சேன். அன்னைக்கு வேற வேலை ஒண்ணும் பாக்கல."

தங்கப்பழம் டீச்சரின் கையைப் பார்த்தார். வலது கட்டைவிரலில் நகம் பாதி உடைந்து, சதை சிவந்திருந்தது.

"அவ பேரையுமா?"

"பேரையும்தான்."

"அவ உங்க கையால சாப்பிட்ட பிள்ளை டீச்சர். ஞாயித்துக்கிழமை ஆனா இங்கதான் கெடப்பா. உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

டீச்சர் தொட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மனசு வரல அண்ணாச்சி. கிழிச்சேன்."