கழுத்து சிவந்த சென்னியப்பன்

அந்தக் காலத்தில், வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எல்லா உயிர்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாளில், ஒரு கிளுவை வேலியில் சென்னியப்பன் என்று ஓர் ஓணான் குடியிருந்தான். நல்லவன்தான். ஆனால் ஒரு வருடமாகத் திடீர் திடீரென்று கழுத்து ரத்தமாய்ச் சிவந்துவிடும், எதிரே யார் நின்றாலும் வள்ளென்று விழுவான். அப்போதெல்லாம் ஓணான்களுக்குத் தலை ஆடாது. செதுக்கி வைத்ததுபோல அசையாமல் இருக்கும்.

அந்த வேலியில் ஏழு தவிட்டுக்குருவிகளும் இருந்தன. அடுத்தவர் வீட்டுச் சங்கதி என்றால் அவற்றுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"பாத்தியா, பாத்தியா, கோவம் வந்துருச்சு!" என்று ஒன்று ஆரம்பிக்கும்.

"கோவத்துக்குக் கத்தாழைச் சோறு நல்லது" என்று இன்னொன்று சொல்லும்.

சென்னியப்பன் கற்றாழையைத் தின்று பார்த்தான். சேற்றைப் பூசிக்கொண்டான். மூன்று நாள் பட்டினியும் கிடந்தான். பசியில் கழுத்து இன்னும் சிவந்ததுதான் மிச்சம். ஊரே கோபம் என்று சொல்வதால் அவனும் கோபம் என்றே நம்பினான். கோபமா என்று ஒரு தடவைகூட அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் அவன் மனைவி பூவாத்தா வேலியடியில் மண்ணைக் கீறினாள். வயிறு நிறைய முட்டை. அவள் கால் மண்ணில் பட்டதுமே சென்னியப்பன் கழுத்து சிவக்கப் பாய்ந்துவந்து, "தோண்டாத! கையெடு!" என்று கத்தி அவளைத் தள்ளிவிட்டான்.

பூவாத்தா எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டாள். அவள் அழவில்லை. 

"ஏனுங்க, நான் பனங்காட்டு வேலிக்குப் போறனுங்க. முட்டைய அங்கயே வெச்சுக்கறேன். வெயில் ஏறுனதும் கெளம்பிருவேன். பொறக்கற குஞ்சுக இந்தக் கழுத்தப் பாத்து நடுங்க வேண்டாமுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான்.  எரிகிற கழுத்தை நனைத்துக்கொள்ளலாம் என்று மாட்டுத் தொட்டிக்குப் போனான்.

தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றது. குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தன் கழுத்தை அவன் இதுவரை பார்த்ததே இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது. பார்க்கப் பார்க்கச் சிவப்பு மெல்ல வடிந்து பழைய மண் நிறம் திரும்பியது. 'அட, இது வருது, போகுது! எப்ப வருது?' என்று நினைத்தான். அத்தனை துக்கத்திலும் அவனுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது.

தவிட்டுக்குருவிகளின் கேலியை நினைத்துப் பார்த்தான். நிறம் மாறவில்லை. தன் கிளையைப் பிடுங்கிக்கொண்ட பங்காளி ஓணானை நினைத்தான். அப்போதும் மாறவில்லை. மண்ணைக் கீறிய பூவாத்தாவின் காலை நினைத்தான். குப்பென்று சிவந்தது.

"கோவமா?" என்று தண்ணீரில் தெரிந்தவனைக் கேட்டான். தலை அசையவில்லை.

"அவளப் புடிக்கலையா?" அதற்கும் அசையவில்லை.

"பயமா?"

தலை தானாகக் கீழே போய் மேலே வந்தது. சென்னியப்பன் திகைத்துப்போனான். ஆனால் விடவில்லை. "எதுக்குப் பயம்? போன வருசத்த நெனச்சா?" தலை மறுபடியும் ஆடியது.

போன வருடம் இதே வேலியடியில்தான் பூவாத்தா முட்டை வைத்தாள். காலையில் அவள் காவல், மதியம் இவன் காவல் என்று ஏற்பாடு. அன்று மதியம் மழை விட்டு ஈசல் கிளம்பியது. காவலுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வாய் என்று போனவன் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் வந்தான். அதற்குள் கீரி வந்து மண்ணைப் பறித்து அத்தனை முட்டையையும் தின்றிருந்தது. ஈசலுக்குப் போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் ஓடினான். பூவாத்தா வேலியின் கடைசிக் குத்துச்செடியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, நில்லு. எனக்குக் கோவமில்ல. பயம். போன வருசம் நான் ஈசலுக்குப் போயிட்டேன். முட்டை போனது என்னாலதான். நீ மண்ணத் தொட்டாலே அந்தக் குழிதான் கண்ணுக்கு முன்னால வருது." சொல்லும்போதே கழுத்து சிவந்தது, தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

பூவாத்தா இறங்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"எந்தப் பக்கத்து ஈசலுங்க?"

"மேக்கால, புத்துக்கிட்ட."

"நான் கெழக்கால இருந்தேன்" என்றாள் அவள். "நீங்க காவலுக்கு வரவேயில்ல. சித்த நேரந்தானேன்னு நானும் ஈசலுக்குப் போயிட்டேன். அது தெரிஞ்சுதான் வருசம் பூரா எம்மேல எரிஞ்சு விழறீங்கன்னு நெனச்சேன். அந்தக் கழுத்தப் பாக்கறப்பவெல்லாம் எனக்கு உசுரே போச்சுங்க."

 இருவருக்கும் முதலில் அழுகைதான் வந்தது. பிறகு, ஆளுக்கொரு திசையில் வாய் நிறைய ஈசலோடு நின்றதை நினைத்து அடக்க முடியாமல் சிரித்தார்கள். ஒரு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியதில் சென்னியப்பனுக்கு உடம்பே லேசாகிவிட்டது. பூவாத்தா திரும்பி நடந்து வேலியடிக்கே வந்தாள். அவள் குழி தோண்ட, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கழுத்து சிவக்கத்தான் செய்தது. ஆனால் அவன் யார்மேலும் விழவில்லை. "பயமா? ஆமா. இன்னும் இருக்கா? ஆமா" என்று தன்னையே கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வடிந்தது. குஞ்சுகள் பொரிக்கும்வரை இருவரும் சேர்ந்தே காவல் காத்தார்கள்.

வேலியோரம் போகிறவர்கள், ஓணான் தங்களைத்தான் மிரட்டுகிறது என்று கல்லைத் தேடுகிறார்கள். அதற்கு நம் நினைப்பே இல்லை. அன்று முதல்தான், கழுத்து சிவந்தால் ஓணான் முதலில் தன்னைக் கேட்டு, தனக்கே தலையாட்டிக்கொள்கிறது.