தொட்டி மேல பவுனம்மா

கோணமங்கலத்துல அறிவாளிங்கன்னு பேர் எடுத்தவங்க பதினேழு பேர். தண்ணித் தொட்டியைப் பத்திப் பேச போன்ல ஒரு வாட்ஸ்அப் குழு வச்சிருந்தாங்க. பதினெட்டாவது ஆள் பவுனம்மா. தொட்டிக்கு மோட்டார் போடுறதே அவதான். ஆனா மோட்டாரை எப்படிப் போடணும்னு தினம் பதினேழு பேரும் அவளுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. அதுலயும் இந்த சிங்காரம் இருக்கானே, கரண்டுக்குப் பயந்து வீட்டு லைட்டையே கம்பால தட்டிப் போடுறவன். கல்யாணத்தன்னைக்கு சீரியல் லைட்டைப் பார்த்துட்டு பந்தலை விட்டே ஓடிட்டான். தாலி கட்டினது பஸ் ஸ்டாண்டுல. அவனும் சொல்லிக் குடுப்பான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பவுனம்மா ஒருநாள் குழுவுல போட்டா: "இனிமே நான் பேசினா யாரும் குறுக்க பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. காது குடுத்துக் கேளுங்க, போதும்."

"நியாயந்தானே"ன்னு பதினேழு பேரும் சத்தியம் பண்ணிட்டாங்க.

மறுநாள் அடுப்புல மீன் குழம்பைக் கொதிக்க விட்டுட்டு, தண்ணி எவ்வளவு இருக்குன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம்னு தொட்டி மேல ஏறினா. ஏணி சரிஞ்சு விழுந்துடுச்சு.

"ஏணி விழுந்துடுச்சு. அடுப்புல குழம்பு இருக்கு. ஓடி வாங்க"ன்னு குழுவுல போட்டா.

ரெண்டே நிமிஷம். பதினேழு பேரும் வந்து வரிசையா நின்னு, அண்ணாந்து பார்த்துக் காது குடுத்துக் கேட்டாங்க.

"ஏணியை நிமித்துங்கய்யா!"

எல்லாரும் தலையை ஆட்டினாங்க. வரதப்பனுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. "அக்கா என்ன அழகா பேசுது பாரு."

"யோவ், குழம்பு தீயுதுய்யா!"

"ஏணியைத் தொடலாமாண்ணே?"ன்னு சிங்காரம் மெதுவா கேட்டான்.

"அக்கா இன்னும் பேசி முடிக்கலடா"ன்னான் ஏகாம்பரம். அவன்தான் குழுவுக்குத் தலைவன். "அப்படியே முடிச்சாலும், ஏணியை நிமித்தினா 'இறங்கு'ன்னு புத்தி சொன்ன மாதிரி ஆயிடாதா?"

மீன் கருகுற வாடை வந்துச்சு. "இதையாவது சொல்லலாமா?"ன்னான் சிங்காரம்.

"மூச்! அவங்க குழம்பைப் பத்தி அவங்களுக்கே நீ சொல்லித் தர்றியா?"

பேச்சை நிறுத்தினாத்தான் வேலை நடக்கும்னு பவுனம்மா வாயை மூடிக்கிட்டா.

அவ்வளவுதான். "ஐயையோ, ஒரு பொம்பளை வாயை அடைச்சுட்டோமே!"ன்னு ஏகாம்பரம் தலையில அடிச்சுக்கிட்டு, அங்கேயே உக்காந்து குழுவுல மன்னிப்பு எழுதினான். வரதப்பன் அதைவிட நீளமா எழுதினான்.

"என் மன்னிப்புதான் பெருசு."

"போய்யா, உன்னுதுல ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா? என்னுதுல நாலு அழுற பொம்மை இருக்கு."

தொட்டி மேல டொய்ங் டொய்ங்னு அடிச்சு அடிச்சு பவுனம்மா போன்ல சார்ஜே தீர்ந்து போச்சு.

கடைசியில புகையைப் பார்த்துட்டு பக்கத்து வீட்டு லோகம்மா ஓடி வந்தா. அவகிட்ட இருக்கிறது பட்டன் போன், குழுவுலயும் இல்ல. அடுப்பை அணைச்சா, வந்து ஏணியை நிமித்தினா.

"யக்கா, இத்தனை ஆம்பளைங்க இங்க என்ன பண்றாங்க?"

"கேக்குறாங்கடி."

குழம்பும் போச்சு, சட்டியும் போச்சு. பவுனம்மா போனைச் சார்ஜ்ல போட்டதும் முதல் வேலையா குழுவை விட்டு வெளியேறினா.

"பொம்பளையே இல்லாத குழுவா? ஊர் என்ன சொல்லும்?"னு வரதப்பன் பதறினான்.

"லோகம்மாவைச் சேர்க்கலாமே?"

"அதுக்கு நம்ம குழு நடைமுறை தெரியாதேப்பா."

சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. சிங்காரம் பேர் வந்துச்சு. அன்னையிலேர்ந்து குழுவுல பொம்பளை சிங்காரம்தான்.

சாயங்காலமே ஏகாம்பரம் ஏதோ எழுதிட்டு இருந்தப்போ, சிங்காரம் நடுவுல போட்டான்: "ஒரு பொம்பளையை இங்க பேச விடமாட்டீங்களா?"

பதினாறு பேரும் ஆடிப் போய் மன்னிப்பு எழுத உக்காந்தாங்க. அதோட விட்டாங்களா? பவுனம்மா வீட்டுக்கும் ஆள் அனுப்பினாங்க: "பொம்பளைங்க படுற பாட்டைப் பத்தி நாளைக்கு சிங்காரம் பேசுறான். அவசியம் வந்து கேட்டுக்கோக்கா, உனக்கும் ஒரு விவரம் தெரியும்."