மிதிக்காமல் ஏறிய வண்டி

வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டும் நஞ்சப்பன், ஸ்டெல்லாவின் ஒர்க்ஷாப்பில் தொழிலும் படித்துவந்தான். அன்று அவனுடைய ஜீப்பே அங்கே பிரிந்து கிடந்தது. எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் இரும்புச் சக்கரம், பிளைவீல், விரிசல் விட்டிருந்தது. மாற்றிப் போட இரண்டு வந்திருந்தன. ஒன்று கனம், ஒன்று லேசு. இரண்டுமே பொருந்தும்.

“எதைப் போடலாமுங்கக்கா?”

“உனக்கு எது பிடிச்சிருக்கு?”

“லேசானதுங்க. தொட்டதும் எஞ்சின் சீறும். அவசரத்துக்குப் பறந்துரலாம்.”

அவள் வாய் திறப்பதற்குள் எஸ்டேட்டிலிருந்து ஆள் ஓடிவந்தான். தோட்டத்தில் நிறைமாதமாக இருந்த செல்லக்கிளிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது.

ஸ்டெல்லா தன் பழைய ஜீப்பை எடுத்தாள். நஞ்சப்பன் பக்கத்தில் ஏறிக்கொண்டான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்குப் போய்ச் செல்லக்கிளியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். பின்சீட்டில் அவள் மாமியாரின் தோளைப் பற்றிக்கொண்டு பல்லைக் கடித்தாள்.

ஏற்றத்தில் ஒரு வளைவு திரும்பியதும், மூடுபனிக்குள் பாதையே அசைவதுபோல் இருந்தது.

யானைகள். குட்டியை நடுவில் விட்டு, ரோட்டை அடைத்துக்கொண்டு மேலே நடந்துகொண்டிருந்தன.

“வேற வழி இருக்குதுங்களாக்கா?” நஞ்சப்பன் கிசுகிசுத்தான்.

“இல்ல.”

எஞ்சின் உறுமினால் கூட்டத்திலிருந்த கொம்பன் யானை திரும்பும். நின்று காத்திருக்கச் செல்லக்கிளியால் முடியாது.

ஸ்டெல்லா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டாள். ஜீப் நகர்ந்தது. யானைகளின் நடைக்கே ஏறியது. கொம்பன் நின்றால் நிறுத்தினாள். அது நடந்தால் மறுபடி கிளட்சை விட்டாள். எஞ்சின் திணறவும் இல்லை, குரல் உயர்த்தவும் இல்லை.

நஞ்சப்பனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. யானைகளின் மூச்சு எது, எஞ்சினின் மூச்சு எது என்று அவனால் பிரித்துக் கேட்க முடியவில்லை. செல்லக்கிளிகூட முனகலை அடக்கிக்கொண்டு, குட்டியின் ஆடும் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோலைக்காடு வந்ததும் யானைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக ஒரு பெண்யானை குட்டியைத் தும்பிக்கையால் உள்ளே தள்ளிவிட்டு, ஜீப்பைச் சற்று நேரம் பார்த்தது. பிறகு அதுவும் மரங்களுக்குள் போயிற்று.

ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. அழுகுரல் வராந்தா வரைக்கும் கேட்டது. நஞ்சப்பன் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினான்.

“நீங்க மிதிக்கவே இல்லீங்களேக்கா. அந்த ஏத்தத்துல எப்படிங்க நகந்துச்சு?”

“உள்ள சுத்துற பிளைவீல் கனமானது, நஞ்சப்பா. போன சுத்துல கொஞ்சம் மிச்சம் வெச்சிருந்துச்சு.”