முத்திரையை உடைத்த சுவர்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டைக் கீர்த்திபூபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அரண்மனைக்குப் பின்னால் பழைய செங்கல் கொட்டில் ஒன்று இருந்தது. இருபது பெண்கள் அதற்குள் நெல் குத்துவார்கள். அதன் தெற்குச் சுவர் அடியிலிருந்து கூரைவரை வெடித்து, வெளிப்பக்கம் வயிறு தள்ளி நின்றது.

கொத்தன் சடைமாயன் ராஜாவிடம் போனான். "மகாராஜா, அஸ்திவாரம் இறங்குகிறது. ஆட்களை வெளியேற்றிவிட்டுச் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டும்."

"பத்து நாளில் இளவரசி கல்யாணம். நெல் குத்துவது யார்? அப்புறம் பார்க்கலாம், போ!"

மறுநாளும் போய்ச் சொன்னான். கட்டட விசாரிப்புக்காரர் மருதப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. சடைமாயன் கட்டிய படித்துறையை ராஜா சபையில் புகழ்ந்ததிலிருந்தே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"அரசே, வெடிப்பை நேற்றே சுண்ணாம்பு வைத்துப் பூசிவிட்டேன். இனி நூறு வருஷத்துக்கு அசையாது. இவனுக்கு வேலை வேண்டும், அதற்குத்தான் இந்தப் புலம்பல்."

"ஐயா சொல்வதே சரியாக இருக்கட்டும்" என்றான் சடைமாயன். "மகாராஜா, அந்தப் பூச்சுக்குக் குறுக்கே அரக்கு வைத்துத் தங்கள் முத்திரையைப் பதியுங்கள். மூன்று நாள் முழுசாக இருந்தால் என்னை நாடு கடத்துங்கள். ஆனால் ராஜமுத்திரை இருக்குமிடத்தில் கண்டவர் நடமாடலாமா? கொட்டிலைப் பூட்டிச் சாவியை ஐயாவே வைத்திருக்கட்டும்."

ராஜாவுக்குப் பந்தயம் பிடித்துப்போயிற்று. "முத்திரையை உடைப்பவன் தலை உருளும்!" என்றார். பெண்கள் உரல்களை விட்டுவிட்டு, முற்றத்தில் குழி தோண்டிக் குத்தினார்கள். மருதப்பிள்ளை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலிலேயே கட்டில் போட்டார்.

மூன்றாம் நாள் காலை பூட்டைத் திறந்தார்கள். முத்திரை நடுவே இரண்டாகப் பிளந்திருந்தது.

"சாவி உம்மிடம். காவலும் நீர். என் முத்திரையை உடைத்தது யார்?" என்று கேட்டார் ராஜா.

மருதப்பிள்ளையின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "நானில்லை அரசே! சுவர்... சுவர்தான் அசைந்துவிட்டது."

"நூறு வருஷத்துக்கு அசையாத சுவரா?"

"அசைந்தது அரசே, நன்றாகவே அசைந்தது!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். சடைமாயன் சிரிக்கவில்லை. எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு, முட்டுக் கொடுக்கப் பனைமரம் கொண்டுவர ஓடினான். முதல் முட்டு நிற்பதற்குள் தெற்குச் சுவர் சரிந்தது. உத்திரம் விழுந்து உரல்கள் புதைந்துபோயின. முற்றத்தில் இருபது உலக்கைகளும் நின்றுவிட்டன.

புழுதி அடங்கியதும் ராஜா கேட்டார்: "பெண்களை வெளியேற்றத்தானா இந்த முத்திரை வேலை? நேராகவே கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன், மகாராஜா. இரண்டு தரம்."

ராஜா இடிபாட்டை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்தார். பிறகு விசாரிப்பு உத்தியோகத்தைச் சடைமாயனுக்குக் கொடுத்தார்.

அவன் மீதிச் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தான். மடைப்பள்ளித் தண்ணீர் சுவரடியில் ஊறியதைக் கண்டு வாய்க்காலைத் திருப்பிவிட்டான். அடிமண் காய்ந்ததும் ஆழத் தோண்டிப் புது அஸ்திவாரம் போட்டான்.

மருதப்பிள்ளையின் தலை உருளவில்லை. இடிந்த செங்கற்களில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுக்கும் வேலை கிடைத்தது. முதல் நாள் பதினொரு கல் தேறியது. மாதம் முடிவதற்குள் வண்டிக்கணக்கில் தேறியது.

"கை நன்றாகப் பழகிவிட்டது, ஐயா" என்றான் சடைமாயன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த கல்லை எடுத்தார்.