ஆவுடையப்பன் கட்டிய குளியலறை

ஓணான்குளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். "வழிதானே, இந்தா கிடக்கு" என்று காலுக்குக் கீழே காட்டுவார்கள். கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டதற்குப் பதில், சொன்னதற்கு வேலை, அவ்வளவுதான் அந்த ஊர்ச் சனங்கள்.

அந்த ஊர் ஆவுடையப்பனுக்குக் கல்யாணமாகி நாலு மாதம். சொந்த வீடு கைக்கு வந்து மூன்று மாதம். வீட்டில் எல்லாம் இருந்தது, குளியலறை மட்டும் இல்லை. கொல்லையில் ஓலைத் தட்டி மறைவில்தான் அவன் பெண்டாட்டி சிதம்பரவடிவு குளித்தாள். ஒருநாள் அவள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு எருமை வந்து தட்டியைத் தின்ன ஆரம்பித்தது. கண்ணைக் கழுவிவிட்டு அவள் பார்க்கிறபோது தட்டி பாதிதான் இருந்தது. எருமை முழுசாக நின்றது.

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிவிட்டாள். "நாலு பக்கமும் சுவர், ஒரு கதவு. அது இருந்தாத்தான் இந்த வீட்ல நான் இருப்பேன். அடுத்த மாசம் மொத வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். இல்லைன்னா வந்த பஸ்லயே திரும்பிருவேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள்.

ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பிச்சாண்டிக் கொத்தனாரைக் கூட்டிவந்தான். அவர் அஸ்திவாரம் போட்டு முடித்த நேரத்தில், மகளுக்குப் பிரசவ வலி என்று சேதி வந்துவிட்டது. வெளியூர் கிளம்பியவரின் துண்டைப் பிடித்துக்கொண்டான் ஆவுடையப்பன்.

"இனி ஒண்ணும் பெரிய வேலை இல்லப்பா, நீங்களே கட்டிரலாம்" என்றார் கொத்தனார். நடந்துகொண்டே நாலு விஷயம் சொன்னார். கூட்டாளி தளவாய் பின்னாலேயே ஓடி, தேதித்தாளின் முதுகில் எழுதிக்கொண்டான். நூல் பிடிச்சுக் கட்டணும். ரசமட்டம் வச்சுப் பாக்கணும். மூணு நாள் தண்ணி காட்டணும். கதவைக் கடைசியா மாட்டணும்.

மறுநாள் காலையில் மூன்று பேர் கூடினார்கள். ஆவுடையப்பன், தளவாய், ஆவுடையப்பனின் சித்தப்பா மகன் மாசானம்.

"நூல் பிடிச்சுக் கட்டணும்னா, ஒருத்தன் பிடிக்கணும், மத்தவன் கட்டணும்" என்றான் தளவாய்.

"நான் பிடிக்கேன்" என்றான் மாசானம்.

"எங்க நின்னு பிடிப்பே? கிழக்க நின்னா மேக்குச் சுவர் கோவிச்சுக்கிடும்."

யோசித்துப் பார்த்து நடுவில் நிறுத்தினார்கள். மாசானம் ஒரு நூல்கண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் எழும்பியது. மத்தியானம் இடுப்பு வரைக்கும் தெரிந்தான். மறுநாள் தலை மட்டும் தெரிந்தது. அதற்கு மறுநாள் சத்தம் மட்டும் வந்தது. சோற்றுப் பொட்டலத்தை மேலே எறிந்தார்கள். அவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். நூலை விடவில்லை.

அடுத்தது ரசமட்டம், கொத்தனார்கள் சுவரின் மட்டம் பார்க்கிற கருவி. ஆவுடையப்பன் அடுப்பைப் பற்றவைத்தான்.

"தக்காளி ரசமா, மிளகு ரசமா மாப்ளே?" என்று கேட்டான் தளவாய்.

"எழுதியிருக்கா?"

தளவாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மொட்டையா ரசம்னுதான் இருக்கு."

"அப்ப மிளகே வைப்போம். சுவர் ஈரத்துல நிக்கி, சளி பிடிச்சிரக்கூடாது."

சட்டியோடு ரசத்தைச் சுவர்மேல் வைத்தார்கள். அது மேற்கே சாய்ந்து கொஞ்சம் சிந்தியது. தளவாய் விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் இருண்டுபோனது.

"என்னலே?"

"உப்புக் குறைச்சல் மாப்ளே."

ஆவுடையப்பன் கடைக்கு ஓடினான். நல்லவேளை, முன்னாலேயே தெரிந்தது! ஆறு படி உப்பை வாங்கிவந்து மிச்சமிருந்த கலவையில் கொட்டி, சுவரின் மேல்வரிசை முழுக்கக் கட்டி, பாக்கியை உள்ளேயும் வெளியேயும் பூசினார்கள். மறுபடி ரசத்தை வைத்துத் தொட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடவை கலவையும் விரலில் ஒட்டியிருந்ததால் உப்பு சரியாக இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று நாள் சுவருக்குத் தண்ணீர் காட்டினார்கள். ஆவுடையப்பன் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, சுவருக்கு நேரே ஏந்திக்கொண்டு நிற்பான். கை கடுத்தால் தளவாய் வாங்கிக்கொள்வான். ஒரு சொட்டு சிந்தவிடவில்லை. உள்பக்கத்துக்கு மாசானத்திடம் ஒரு செம்பைக் கயிறு கட்டி இறக்கினார்கள். தாகம் எடுத்தபோதுகூட அவன் அதைக் குடிக்கவில்லை. சுவர் பார்த்துக்கொண்டிருக்கிறதே!

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கதவு வந்தது. ஆசாரி நிலையும் கதவுமாகச் சேர்த்தே செய்திருந்தார். இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு சுவரை மூன்று சுற்று சுற்றினார்கள்.

"இதை மாட்ட இடம் இல்லையே மாப்ளே."

"இடம் விடச் சொன்னாரா?"

"எழுத்துல இல்லை."

"அப்ப சுவருக்குள்ளதான் மாட்டணும்னு எழுதியிருக்கா?"

அதுவும் இல்லை. ஆவுடையப்பனுக்குப் பெரிய நிம்மதி. சுவருக்கு ஒரு முழம் தள்ளி இரண்டடி பள்ளம் தோண்டி நிலையை நட்டார்கள். கருங்கல் போட்டு இடித்து இறுக்கினார்கள். யானை வந்து முட்டினாலும் அசையாது. புதுக்கதவு திறந்து கிடக்க வேண்டாமென்று பூட்டி, சாவியை ஆவுடையப்பன் இடுப்பில் செருகிக்கொண்டான்.

"அண்ணே, வேலை முடிஞ்சிட்டா? ஒரு ஏணி இறக்குங்க, ஏறி வெளிய வரட்டா?" என்று உள்ளிருந்து கேட்டான் மாசானம்.

"கதவு இருக்கற எடத்துல ஏணி வச்சு ஏறுறவன் களவாணிப்பய. பொறு!" என்று அதட்டினான் தளவாய்.

பத்து மணி பஸ்ஸில் சிதம்பரவடிவு வந்து இறங்கினாள். கொல்லையில் நாலு சுவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஆவுடையப்பனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் பூட்டைத் திறந்தாள். கதவைத் திறந்தாள். எதிரே சுவர் நின்றது.

கதவை மூடிவிட்டு இன்னொரு தரம் திறந்து பார்த்தாள். அப்போதும் சுவர்தான்.

"என்ன இது?"

"சுவர்" என்றான் ஆவுடையப்பன் பெருமையாக.

"சௌக்கியமா மதினி?" என்றது சுவர்.

சிதம்பரவடிவு பெட்டியைக் கீழே போட்டாள். "அய்யோ, உள்ள ஆளு இருக்கா? எத்தனை நாளா?"

"நாள் கணக்கு எழுதலை தங்கச்சி" என்றான் தளவாய்.

"அந்தப் புள்ளையை இப்ப எப்படி வெளிய கொண்டாரப் போறீங்க?"

"கதவு வழியாத்தான்" என்றான் ஆவுடையப்பன்.

அவள் கதவைப் படாரென்று சாத்திப் பூட்டி, சாவியை அவனிடம் எறிந்தாள். "மொதல்ல அந்தச் சுவரை இடிங்க!"

ஆவுடையப்பனும் தளவாயும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"எந்தத் தோளால இடிக்க மாப்ளே?"

"சோத்துக்கைத் தோளாலதான். வீட்டுக்காரி மொத மொதலா இடிக்கச் சொல்லுதா."

பின்பக்கம் போய், இரண்டு பேரும் பத்தடி ஓடிவந்து வலது தோளால் சுவரை இடித்தார்கள். நனையாத சுவர், உப்புப் பூச்சு, என்ன ஆகும்? முதல் இடிக்கு யோசித்தது. இரண்டாவது இடிக்கு நாலு சுவரும் நின்ற இடத்திலேயே பொலபொலவென்று உட்கார்ந்துவிட்டன. தூசி அடங்க வெகுநேரம் ஆனது. நடுவில், தலை முதல் கால் வரை வெள்ளையாக, ஒரு சிராய்ப்பு இல்லாமல் மாசானம் நின்றுகொண்டிருந்தான். கொல்லையில் அவனும் கதவும்தான் பாக்கி.

மாசானம் கல்குவியலைத் தாண்டி மெல்ல நடந்து வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று தட்டினான்.

"அண்ணே, பூட்டியிருக்கு."

ஆவுடையப்பன் ஓடிப்போய்ச் சாவி போட்டுத் திறந்துவிட்டான். நிலை கொஞ்சம் தாழ்வு. மாசானம் தலையைக் குனிந்து வெளியே வந்து, உள்ளே தூசி போகாமலிருக்கக் கதவைச் சாத்தினான்.

சிதம்பரவடிவு கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் திறந்து கிடந்த வயற்காட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். கீழே கிடந்த பெட்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

அவள் தயக்கம் தளவாய்க்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் சொன்னான்:

"கூச்சப்படாமப் போய்க் குளிங்க தங்கச்சி. உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கு."