யாருடைய முழங்கால்?

ஒரு காட்டில் மழை பெய்து வெகு காலம் ஆகியிருந்தது. குளம் வற்றிக் குட்டையானது. குட்டையும் வற்றி, ஒரு மூலையில் மட்டும் கலங்கல் தண்ணீர் கொஞ்சம் கிடந்தது. அதைக் குடிக்க விலங்குகள் எல்லாம் வரிசையில் நின்றன. புலி இல்லாத காடு அது. இருந்திருந்தால் அதுவும் வரிசையில்தான் நின்றிருக்கும்.

ஒரு நாள் நாரை ஒன்று குட்டையோரம் வந்து இறங்கியது.

"மேற்கே மலைக்கு அப்பால் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. எந்தக் கோடையிலும் வற்றாது. இப்போது அங்கிருந்துதான் வருகிறேன்" என்றது.

"அங்கே எப்படிப் போவது?" என்று விலங்குகள் ஆவலோடு கேட்டன.

"இதென்ன கேள்வி? நேராகப் போக வேண்டியதுதான்!" என்று சொல்லிவிட்டு நாரை பறந்து போய்விட்டது. அதற்குச் சிறகு இருந்தது. கேட்டவர்களுக்குக் கால்கள்தான் இருந்தன.

காட்டெருமை பெருமூச்சு விட்டது. "வழி தெரியாமல் குட்டி குளுவான்களோடு கிளம்பினால் நடுவழியில் செத்துப்போவோம். முதலில் யாராவது ஒருவர் நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும்."

உடனே எல்லோருக்கும் வேறு வேலை வந்துவிட்டது. ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் காதைச் சொறிந்தார். முயல் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டது.

அப்போது ஒரு கறையான் புற்றிலிருந்து உடும்பு தலையை நீட்டியது. "நான் போகிறேன்."

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "நீயா? நடந்தால் உன் வயிறு தரையில் உரசுகிறதே! நீ மலை தாண்டப் போகிறாயா?"

நரியைப் போல் புள்ளிமான் சிரிக்கவில்லை. அதன் வயிற்றுக்கடியில் போன மாதம் பிறந்த குட்டி ஒண்டிக்கொண்டு நின்றது. மான் தயங்கித் தயங்கிப் பேசியது.

"உடும்பண்ணா, இவன் கால் ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறது. இவன் நடக்கக்கூடிய வழிதானா என்று பார்த்துச் சொல்வீர்களா? பாதி வழியில் இவன் விழுந்துவிட்டால் நானும் அங்கேயே படுத்துவிடுவேன்."

உடும்பு புற்றைவிட்டு வெளியே வந்தது. "கவலைப்படாதே தங்கச்சி. ஓர் அடி விடாமல் என் காலாலேயே நடந்து பார்க்கிறேன். யார் முதுகிலும் ஏற மாட்டேன். உன் குட்டி நடக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் திரும்பி வந்து உன்னைக் கூப்பிடுவேன்" என்றது.

அன்றே கிளம்பிவிட்டது.

உடும்பு எதையாவது பிடித்துக்கொண்டால் விடாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே, குழந்தைகளே? சொன்ன சொல்லையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் எங்கே நிற்கிறதோ அங்கே நகத்தால் ஒரு கோடு கிழிக்கும். காலையில் அந்தக் கோட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்கும்.

ஒரு விடியற்காலையில், மலையின் மறுபக்கச் சரிவில் தூங்கிக்கொண்டிருந்த உடும்பு தூக்கத்திலேயே உருண்டு, வெகு தூரம் கீழே போய் ஒரு புதரில் முட்டி விழித்தது. உடம்பெல்லாம் சிராய்ப்பு. மெல்ல எழுந்து, வந்த சரிவிலேயே திரும்ப மேலே ஏறத் தொடங்கியது.

"அடப் பைத்தியமே!" என்று புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நரி! "தூக்கத்திலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே, லாபம்தானே? எதற்காகத் திரும்ப ஏறுகிறாய்?"

"உருண்டு வந்தால் வழி தெரியாதே, நரியாரே. மான்குட்டியும் உருண்டா வரும்?" என்றது உடும்பு. "அது சரி, நீங்கள் எங்கே இந்தப் பக்கம்?"

"நானா? சும்மா காற்று வாங்க வந்தேன்" என்றது நரி.

உண்மையில் அது முதல் நாளிலிருந்தே உடும்பின் பின்னால் வந்துகொண்டிருந்தது. உடும்பு கஷ்டப்பட்டு வழி கண்டுபிடிக்கட்டும், முந்திக்கொண்டு ஓடிப்போய் நாம் பெயர் வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் எண்ணம்.

உடும்பு கோடு கிழித்த இடத்துக்கே ஏறிப்போய், அங்கிருந்து நடந்து இறங்கியது. இறங்கும்போதுதான் சரிவின் நடுவில் ஓர் ஆழமான பிளவு இருப்பது தெரிந்தது. உருண்டபோது அதைத் தாண்டி எகிறி விழுந்திருக்கிறது! பிளவைச் சுற்றிக்கொண்டு போக வேறு தடம் ஒன்றைத் தேடிப் பார்த்து வைத்துக்கொண்டது.

மலை முடிந்ததும் பாறைவெளி வந்தது. மரம் இல்லை, நிழல் இல்லை. கல் அடுப்பு மாதிரி கொதித்தது. உடும்பின் பாதங்கள் கொப்பளித்தன. ஆனாலும் நடந்தது. பாறைவெளியின் ஓரத்தில், ஒரு தனிப் பாறையின் அடியில் அதற்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே சுருண்டு விழுந்துவிட்டது.

அந்த வழியாக வந்த ஒரு யானை அதைப் பார்த்தது. நல்ல மனசுள்ள யானை. "ஐயோ பாவம்!" என்று உடும்பைத் துதிக்கையால் அலுங்காமல் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டு நடந்தது.

தூரத்தில் ஒளிந்திருந்த நரிக்கு ஒரே குஷி. "யானை எவ்வளவு நிதானமாக ஆடி அசைந்து போகிறது! அப்படியென்றால் இனிமேல் எல்லாம் சுகமான வழிதான். நாம் பார்த்தது போதும்" என்று சொல்லிக்கொண்டு, வாலைச் சுழற்றிக்கொண்டு காட்டை நோக்கி ஓடியது.

உடும்பின்மேல் சில்லென்று தண்ணீர் விழுந்தது. கண்ணைத் திறந்தது. எதிரே ஏரி! கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், கரையெல்லாம் பச்சைப் புல்.

"ஏரி! ஏரி!" என்று உடும்பு அழுதேவிட்டது. வயிறு முட்டக் குடித்தது. பிறகுதான் அதற்கு நினைவு வந்தது. "நான் எப்படி இங்கே வந்தேன்?"

"நான்தான் தூக்கி வந்தேன், தம்பி" என்றது யானை பெருமையாக. "பாறையடியில் கிடந்தாய். கால் தரையில் படாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்."

உடும்பின் முகம் வாடிப்போனது.

"என்னப்பா இது? ஏரி உன் எதிரே இருக்கிறது. தண்ணீர் உன் வயிற்றில் இருக்கிறது. இன்னும் என்ன குறை?" என்று யானை கேட்டது.

"நீங்கள் எனக்கு உயிர் கொடுத்தீர்கள், யானையண்ணா. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் பாறையிலிருந்து இங்கே வரும் வழி எனக்குத் தெரியாதே. எங்கள் காட்டில் ஒரு மான்குட்டி காத்திருக்கிறது. அதை எப்படி அழைத்து வருவேன்?"

"இவ்வளவுதானா! எனக்குத்தான் தெரியுமே. தினமும் போய் வருகிற வழி. ரொம்பச் சுலபம். நடுவில் கொஞ்சம் சேறு இருக்கும். முழங்கால் அளவுதான்."

உடும்பு நிமிர்ந்து பார்த்தது. "யாருடைய முழங்கால்?"

யானை குனிந்து தன் முழங்காலைப் பார்த்தது. பிறகு உடும்பைப் பார்த்தது.

பாதம் ஆறப் பல நாள் ஆயிற்று. ஆறியதும் உடும்பு கிளம்பியது. "பாறைவரை நானே கொண்டுபோய் விடுகிறேனே" என்று யானை கெஞ்சிப் பார்த்தது. உடும்பு கேட்கவில்லை. தன் காலாலேயே பாறையை நோக்கி நடந்தது.

சிறிது தூரத்தில் சதுப்புநிலம் வந்தது. மேலே பார்த்தால் புல்தரை மாதிரி இருந்தது. உடும்பு ஒரு நீளமான நாணல் தண்டைக் கடித்து எடுத்துத் தரையில் குத்திப் பார்த்தது. தண்டு முழுதும் உள்ளே போய்விட்டது. இன்னோர் இடத்தில் குத்தியது. அங்கேயும் அப்படித்தான்.

உடும்புக்கு மட்டும் என்றால் கவலையே இல்லை. வயிற்றால் சறுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் மான்குட்டியின் ஈர்க்குச்சிக் கால்கள்? உடும்பு நாள் முழுதும் சதுப்பின் ஓரமாகவே நடந்து குத்திப் பார்த்தது. எங்கும் சேறுதான். கடைசியில் சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டது.

'ஏரி இருக்கிறது, ஆனால் வழி இல்லை என்று அந்தத் தாயிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்?' என்று நினைத்துக்கொண்டு சதுப்பையே வெறித்துப் பார்த்தது.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்த உடும்பு சட்டென்று எழுந்தது. சதுப்பின் நடுவே ஒரு கறையான் புற்று நின்றது!

புற்றிலேயே பிறந்து வளர்ந்தது அல்லவா உடும்பு? ஈரத்தில் ஊறிப்போகிற இடத்தில் கறையான் புற்றுக் கட்டாது என்று அதற்குத் தெரியும். சறுக்கிப் போய்ப் புற்றைச் சுற்றிக் குத்திப் பார்த்தது. கெட்டித் தரை! புற்றின்மேல் ஏறிப் பார்த்தது. சற்றுத் தள்ளி இன்னொரு புற்று. அதற்கப்பால் இன்னொன்று. புற்றுக்குப் புற்று ஒரு மேட்டு நிலம், சேற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது.

உடும்பு குத்திப் பார்த்துப் பார்த்து நடந்தது. கடைசிப் புற்றையும் தாண்டிவிட்டது. தனிப் பாறை கண்ணுக்குத் தெரிந்தது. "கிடைத்துவிட்டது!" என்று துள்ளியது.

அப்போது பாறைப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. "ஐயோ, என் குட்டி! என் குட்டி!"

உடும்பு பதறி ஓடியது. அங்கே காட்டு விலங்குகள் எல்லாம் சதுப்பின் ஓரத்தில் நின்றன. "முழு வழியையும் நானே நடந்து பார்த்துவிட்டேன், என் பின்னால் வாருங்கள்" என்று சொல்லி நரி அவற்றை அழைத்து வந்திருந்தது. உடும்பு சுற்றிப்போன தடத்திலேயே மலையையும் பாறைவெளியையும் தாண்டிய நரி, அதன்பிறகு யானையின் காலடித் தடத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டது.

யானையின் காலடி ஒவ்வொன்றும் சேறு நிரம்பிய குழி. அப்படி ஒரு குழிக்குள் மான்குட்டி விழுந்து கழுத்துவரை புதைந்திருந்தது. காட்டெருமை உதவப் போய், தானும் அமிழ்ந்து, பாடுபட்டுக் கரையேறியிருந்தது. நரியோ முழங்காலுக்குமேல் சேற்றோடு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அழாதே தங்கச்சி!" என்று கத்திய உடும்பு, பாறையில் தொங்கிய ஒரு காட்டுக்கொடியைக் கடித்து அறுத்தது. ஒரு நுனியைக் காட்டெருமையின் கொம்பில் சுற்றியது. மறுநுனியை வாயில் கவ்விக்கொண்டு சேற்றின்மேல் சறுக்கிக் குட்டியிடம் போனது. சேற்றுக்குள் முங்கி, கொடியைக் குட்டியின் முன்னங்கால்களுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து, நாலு காலாலும் குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ம்!" என்று உறுமியது.

காட்டெருமை இழுத்தது. சேறு விடவில்லை. மறுபடியும் இழுத்தது. கொடி உடும்பின் வாயைக் கிழித்தது. உடும்பு பிடியைத் தளர்த்தவே இல்லை. சளக்கென்று ஒரு சத்தம். குட்டியும் உடும்பும் ஒன்றாகக் கரையில் வந்து விழுந்தன.

தாய் மான் குட்டியை நக்கி நக்கிச் சேற்றைத் துடைத்தது. பிறகு நரியின் பக்கம் திரும்பியது. "முழு வழியும் நடந்ததாகச் சொன்னாயே?"

"முக்கால்வாசி நடந்தேன்" என்றது நரி.

"மீதி?"

"யானை போனதைப் பார்த்தேன். சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்" என்று நரி தலையைக் குனிந்துகொண்டது.

உடும்பு அதைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை. "எல்லோரும் புற்றைப் பார்த்து நடங்கள். நான் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள்" என்று சொல்லி முன்னால் போனது. அதன் பின்னால் மான்குட்டி. அதன் பின்னால் தாய். அப்படியே முயல், பன்றி, காட்டெருமை என்று ஒரு காடே ஒற்றை வரிசையில் நடந்தது. எல்லோருக்கும் கடைசியில் நரி, ஒவ்வோர் அடியையும் உற்றுப் பார்த்துப் பார்த்து வைத்தது.

பொழுது சாய்வதற்குள் ஏரி வந்துவிட்டது. மான்குட்டி ஒரே பாய்ச்சலாகத் தண்ணீரில் போய் விழுந்தது. அதன் மூக்கு, காது எல்லாம் தண்ணீர். மற்ற விலங்குகள் சந்தோஷத்தில் போட்ட கூச்சலில் கரையோரப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன.

யானை மெல்ல உடும்பின் அருகே வந்து நின்றது. "தம்பி, நீ எப்படியும் மாட்டேன் என்றுதான் சொல்வாய். இருந்தாலும் கேட்கிறேன். என் முதுகில் ஏறிக்கொள்கிறாயா? ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறேன்."

அடுத்த நொடியே உடும்பு யானையின் கால் வழியாகக் கிடுகிடுவென்று ஏறி, முதுகில் கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டது.

யானைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அன்றைக்கு அவ்வளவு கெஞ்சியும் வர மறுத்தாயே?"

"அன்றைக்கு இவர்களுக்காக வழி பார்க்க வந்தேன், அண்ணா. இன்றைக்கு எனக்காக வேடிக்கை பார்க்க வருகிறேன்" என்றது உடும்பு. "கொஞ்சம் மெதுவாகப் போங்கள். என் கால் வலி எனக்குத்தான் தெரியும்!"

நீதி: பிறரை ஒரு வழியில் அழைத்துப் போக நினைப்பவர், அந்த வழியை ஓர் அடி விடாமல் தம் காலால் நடந்து பார்த்திருக்க வேண்டும்.