தொம்பையில் ஒரு வெறும் வட்டம்

“பூ வர மாட்டேங்குதும்மா” என்றார் வைத்திலிங்கம்.

பொன்னாச்சி நிமிரவில்லை. அவள் கத்தரிக்கோல் சிவப்புத் துணியைக் கடித்துக்கொண்டு போனது.

அவளுக்கு அவர் வயதில் பாதிதான். தேர்ச்சீலை தைக்கும் அந்தப் பட்டறையில் அவளுடைய அப்பாவிடம் தொழில் படித்தவர் அவர். அப்பா போன பின் அப்பாவின் மணையில் அவள் உட்கார்ந்தாள். மணையில் இருப்பவர் குரு. வயசெல்லாம் கணக்கில் வராது.

“எந்தப் பூ?”

“தொம்பைக்குத்தான்.”

தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்குமே, அந்தத் தொம்பை. சித்திரைத் தேர் நெருங்கிவிட்டது. நடுவில் பூ வர வேண்டிய வட்டம் இன்னும் வெறும் துணி. வருஷா வருஷம் அவர் வைப்பது அதே தாமரை. இந்தத் தடவையும் அதுதான் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். ஊசியை விட்டால் வைத்திலிங்கத்துக்கு வேறெதுவும் தெரியாது.

“வீட்டுல அண்ணி தலையில என்ன பூ வெப்பாங்க?”

“மல்லிதான். கோடையில வேறென்ன?”

“பார்த்தீங்களா?”

வைத்திலிங்கம் அந்த வெறும் வட்டத்தை மறுபடி நீவினார்.

“போய்ப் பார்த்துட்டு வாங்கண்ணே. எங்கிட்ட எதுக்குத் தொணதொணன்னு?”

போனார்.

தெருவெல்லாம் திருவிழாக் கூட்டம். மோர்ப்பந்தலில், வளையல் கடையில், ராட்டினத்தில், எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் தலை கொள்ளாத பூ. இத்தனை வருஷமும் இந்தத் தெருவில்தான் நடந்தார். எதைப் பார்த்து நடந்தாரோ.

வீட்டில் அவர் மனைவி சிவகாமி பானகத்துக்கு வெல்லம் தட்டிக்கொண்டிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். கொண்டை மொட்டையாக இருந்தது.

“பூ வெக்கலையா?”

சிவகாமி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வெயில்ல ரொம்பச் சுத்துனீங்களா?”

“கேட்டதுக்குச் சொல்லு.”

“நீங்கதானே வேண்டாம்னீங்க. தைக்கிறப்போ வாசனை வந்தா தலை வலிக்குதுன்னு. பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்.”

பெரியவனுக்கு இப்போது திருப்பூரில் வேலை.

வைத்திலிங்கம் கடைத்தெருவுக்கு ஓடினார். வாழையிலையில் சுற்றிய மல்லிச்சரத்தோடு வந்து நின்றார். நீட்டினார்.

சிவகாமி வாங்கினாள். முகர்ந்தாள். முகம் சுளித்தாள்.

“இப்போ எனக்கே ஆகறதில்லைங்க.”

பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி வெல்லம் தட்ட ஆரம்பித்தாள். அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

சரம் இலையிலிருந்து நழுவித் தரையில் சுருண்டது. யாரும் சூடாத பூ. வைத்திலிங்கம் அதையே பார்த்தார். ஒரு சுருள், நடுவே ஒன்றுமில்லாத இடம், விளிம்பில் தனியாக ஒரு மொட்டு. சட்டென்று வாசலுக்கு ஓடினார்.

செருப்பைக்கூடப் போடவில்லை. பட்டறையில் வந்துதான் மூச்சு விட்டார்.

“வந்துருச்சும்மா! இப்படி ஒரு பூவை எந்தத் தேரும் பார்த்திருக்காது!”

வெள்ளைத் துணியை இழுத்துப் போட்டார். ஊசியில் நூல் கோத்தார்.

பொன்னாச்சி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“அண்ணிகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?”